அவரைப் பந்தலில் அசுவினி

அசுவினிப் பூச்சி பூவரைக்கும் ஏறிவிட்டது. போன வாரம் அடியிலைகளில்தான் இருந்தது, நேற்று சாயங்காலம் தண்ணீர் விடும்போதுகூட இந்த நுனி பச்சையாகத்தான் இருந்தது, அல்லது நான் சரியாகப் பார்க்கவில்லை, நேற்று சாயங்காலம் நான் எதைத்தான் சரியாகப் பார்த்தேன், போனை வைத்த கையோடு மாடிக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றவள்தானே. இப்போது பார்த்தால் பூங்கொத்தின் காம்பு முழுக்கக் கறுப்பு, எள்ளை வறுத்து ஒட்டவைத்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக. தொட்டால் விரலில் பிசுக்கு. அந்தப் பிசுக்கைத் தேடி எறும்பு வரிசை கட்டி ஏறுகிறது. எறும்பு ஏறினால் அங்கே அசுவினி இருக்கிறதென்று அர்த்தம், அவர்தான் ஒருதரம் சொன்னார், வாயிருந்த காலத்தில், ‘நாம மாடு வெச்சுப் பால் கறக்கற மாதிரி எறும்பு அசுவினிய வெச்சுக் கறக்குது சாந்தா, மனுசன் மட்டுந்தான் கெட்டிக்காரன்னு நெனச்சுக்காத’ என்று. வாயிருந்த காலத்தில். அப்படி நினைக்கக்கூடாது. வாய் இப்போதும் இருக்கிறது, சத்தமும் இருக்கிறது, வார்த்தைகள்தான் ஒன்றின் இடத்தில் ஒன்று போய் உட்கார்ந்துகொண்டன. திரும்பிப் பார்க்கிறேன். பந்தலுக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி நிழலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், இடது கையில் தடியும் மடியில் வலது கையுமாக, அந்த வலது கையை எடுத்து மடியில் வைத்ததும் நான்தான், என் வீட்டுக்காரர் கிட்டுசாமி உட்கார்ந்திருக்கிறார். இலைகளுக்குள்ளே எதையோ பார்க்கிறார். அல்லது ஒன்றையும் பார்க்கவில்லை. சுகந்தி கேட்டால் ‘அப்பாவுக்கு மாடின்னா உசுரு கண்ணு, காத்தால எந்திரிச்சதும் மாடிப்படியத்தான் பாக்கறாரு’ என்று சொல்லுவேன். மாடிப்படியைத்தான் பார்த்தாரா, மாடிப்படிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற காலண்டரைப் பார்த்தாரா, யார் கண்டது.

ஸ்ட்ரோக் வந்தது போன மாசியில். பல் துலக்கப் போனவர் வாசலில் நின்று ‘சாந்தா, இந்த, இந்த’ என்று பிரஷ்ஷைக் காட்டினார், அதன் பேர் வரவில்லை அவருக்கு, நான் சிரித்தேன், அடுத்த நிமிஷம் பிரஷ் கீழே கிடந்தது, அவரும். சாந்தாமணி என்கிற என் பேர் அவர் வாயிலிருந்து கடைசியாக வந்தது அப்போதுதான். இப்போது கூப்பிட்டால் ‘ருக்கு’ என்கிறார். ருக்குமணி அவருடைய அக்கா, செத்து எத்தனையோ வருஷமாகிறது. முதல் தரம் அப்படிக் கூப்பிட்டபோது ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், இப்போது ருக்கு என்றால் ‘என்னுங்க’ என்று போய் நிற்கிறேன், அக்கா பேரில் கூப்பிட்டாலும் கண் என் மேல்தானே இருக்கிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் படம் போட்ட அட்டைகளை நீட்டுவாள், மாடு எதுங்க ஐயா என்றால் மாட்டைச் சரியாகத் தொடுவார், பேர் சொல்லுங்க என்றால் ‘ஞாயித்துக்கெழம’ என்பார். சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார், தப்பு என்று அவருக்கே தெரியும், அதுதான் கொடுமை. ‘அறிவு அப்பிடியே இருக்குதுங்கம்மா, வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்குது’ என்றாள் அந்தப் பெண். அதனால் நானே ஒரு வழி போட்டுக்கொண்டேன். ஞாயித்துக்கெழம என்றால் உப்பு. கலெக்டர் என்றால் செருப்பு. டிக்கெட்டு என்றால் தண்ணீர், அது ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துபோனது, டிக்கெட்டு டிக்கெட்டு என்று பாட்டில் பக்கம் பார்த்தார், எடுத்துக் கொடுத்தேன், குடித்தார். யாராவது பார்க்க வந்து ‘என்ன கிட்டுசாமி, எப்பிடி இருக்கற’ என்று கேட்டால் அவர் ‘வெள்ளிக்கெழம பஸ்ஸு, பஸ்ஸு’ என்பார், நான் ‘பரவால்லீங்கறாருங்க, நீங்க வந்தது சந்தோசங்கறாரு’ என்பேன், வந்தவர்களும் நிம்மதியாகிக் காபி குடித்துவிட்டுப் போவார்கள். தீபாவளிக்குத் துணிக்கடையில் கையைத் தூக்கிக் காட்டினார், ‘அந்த நீலச் சட்டதான் வேணுமாமா’ என்று எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது, அந்த நீலச் சட்டைக்கு நேர் மேலே ஒரு சீலிங் ஃபேன் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது.

அந்த மனுஷன் பேசியே பிழைத்தவர். பூச்சிமருந்துக் கம்பெனியில் ஊர் ஊராகப் போய் விற்கிற வேலை, உடுமலையிலிருந்து தளி, கொமரலிங்கம், மடத்துக்குளம் என்று பைக்கிலேயே சுற்றினார், தக்காளிக் காட்டுக்குள் இறங்கி இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பூச்சியின் பிறப்பு வளர்ப்பெல்லாம் சொல்லுவார், காட்டுக்காரர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், கடைசியில் இன்ன மருந்து என்று முடிப்பார். மருந்து. பயிருக்கு அடிக்கிறதும் மருந்து, இப்போது காலையிலும் ராத்திரியிலும் நான் அவர் உள்ளங்கையில் வைக்கிறதும் மருந்து. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளிக்கப் போவார், குளிக்காமல் சுகந்தியைத் தூக்க மாட்டார், குழந்தை கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தால் ‘இரம்மிணி, அப்பா நாறறேன்’ என்று சுவரோரமாக ஒதுங்கிப் போவார். அவர் சட்டையைத் தனியாக ஊறவைப்பேன், எத்தனை அலசினாலும் அக்குள் பக்கத்தில் அந்த வாடை இருக்கும். அதுதான் மூளைக்குப் போய் இப்படி ஆக்கிவிட்டதோ என்று டாக்டரிடம் கேட்டேன், ரத்தக் கொதிப்பும்மா, சிகரெட்டும்மா என்றார், சரி. நான் செடி வைக்க ஆரம்பித்தது சுகந்தி கல்யாணமாகி ஓசூர் போன வருஷம். வீடு வெறிச்சென்று கிடந்தது, பெயின்ட் வாளியில் அழுகின தக்காளியைப் பிழிந்துவிட்டேன், முளைத்தது. பிறகு கத்தரி, வெண்டை, தட்டப்பயிறு, மாடி முழுக்கப் பை பையாக மண். முதல் பூச்சி வந்தபோது இஞ்சி பூண்டு பச்சைமிளகாயை அரைத்து வடிகட்டிக்கொண்டிருந்தேன், அவர் அடுப்படிக்குள் வந்து மோந்து பார்த்துவிட்டு, ‘என்ன, பூச்சிக்கு ரசம் வெக்கறயா?’ ‘ஆமாங்க, ரசந்தான்.’ ‘ஒரே ஒரு மூடி தர்றேன் சாந்தா. நாளைக்கு ஒரு பூச்சி இருக்காது.’ ‘நாம திங்கறதுங்க அது.’ ‘ஊரே திங்குது.’ ‘ஊருக்கு நீங்க அடிங்க. மாடிய நான் பாத்துக்கறேன்.’ சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அதற்கப்புறம் ஒரு மருந்துப் பாட்டில்கூட வீட்டுக்குள் கொண்டுவரவில்லை, பைக் பெட்டியோடு கடையிலேயே இறக்கிவிட்டு வருவார். கல்யாண வீடுகளில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘எங்கூட்டுக்காரிக்கு அவரைன்னா உசுருங்க. எவரைன்னு கேக்காதீங்க, பந்தல்ல தொங்கறதுங்க’ என்பார், பந்தி முழுக்கச் சிரிக்கும், எனக்கு மானம் போகும், சும்மா இருக்க மாட்டீங்களா என்று தொடையில் கிள்ளுவேன். சும்மா இருங்க, சும்மா இருங்க. எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

நேற்று சாயங்காலம் சுகந்தி கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போடும்மா, அப்பாவும் கேக்கட்டும் என்றாள். வீடு பார்த்தாயிற்றாம், அவர்கள் இருக்கிற தெருவிலேயே, கீழ்வீடு, படியே கிடையாது, கதவைத் திறந்தால் தெரு. ‘அந்த மாடிப்படில அப்பாவ ஏத்தி எறக்கறயே, ஒரு நாள் ரெண்டு பேரும் உருண்டு கெடந்தீங்கன்னா யாரும்மா பாப்பாங்க? ஆபீஸ்ல போன் அடிச்சாலே உங்களுக்கு என்னாச்சோன்னுதாம்மா எடுக்கறேன்’ என்றாள், சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. மாடி உண்டா கண்ணு என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை, அவள் அழும்போது நான் கத்தரிச் செடிக்கு இடம் கேட்டுக்கொண்டிருப்பேனா. ‘அப்பா என்ன சொல்றாரு, கேளும்மா, நாளைக்கு சாயங்காலம் அந்த வீட்டுக்காரங்களுக்கு வர்றோம்னு சொல்லிரணும்.’ இவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ‘டிக்கெட்டு’ என்றார். ‘டிக்கெட்டு, டிக்கெட்டு, ருக்கு, டிக்கெட்டு.’ நான் சொன்னேன், ‘சரிங்கறாரு கண்ணு.’ எங்கிருந்து வந்தது அந்தச் சரி. தண்ணீர் என்றுகூட நான் எடுத்துக்கொள்ளவில்லை, சரி என்று எடுத்துக்கொண்டேன். போனை வைத்ததும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தண்ணீர் கொண்டுபோனேன், குடிக்கவில்லை. அதிலிருந்து இது உள்ளே சுற்றிக்கொண்டேயிருக்கிறது, தோசை ஊற்றும்போதும் சுற்றுகிறது, படியில் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு ஏறும்போதும் சுற்றியது, அவர் சொன்னதாக நான் சொன்னதெல்லாம் அவர் சொன்னதுதானா. பரவால்லீங்கறாரு, பசியில்லீங்கறாரு, கம்மங்கூழே போதுங்கறாரு. இந்த ஒரு வருஷமாக இந்த வீட்டில் நான் ஒருத்திதான் பேசிக்கொண்டிருக்கிறேனா, அவர் குரலிலும் நானே பேசிக்கொண்டு, நானே பதில் சொல்லிக்கொண்டு. அவர் உள்ளே எங்கேயோ ஒரு ரூமில் உட்கார்ந்து அது இல்லை அது இல்லை என்று கதவைத் தட்டிக்கொண்டிருக்க, நான் வெளியே நின்று, நல்லா இருக்காருங்க, நல்லா இருக்காருங்க. அந்தச் சரிகூட அவருடையது இல்லை, என்னுடைய பயம்தான் அது, படியில் கால் தவறி நாங்கள் கிடந்து யாரும் வராமல் போகிற பயம். எனக்குப் பயமாயிருக்கிறது கண்ணு என்று மகளிடம் சொல்ல வெட்கப்பட்டு அவர் வாயில் போட்டுச் சொல்லிவிட்டேன். இனி சாயங்காலத்துக்குள் ஏதாவது சொல்ல வேண்டும். என்னவென்று சொல்ல.

கை நிற்கக்கூடாது, வெயில் ஏறினால் தெளிக்க முடியாது, இலை கருகிவிடும். ஸ்பிரே பாட்டிலில் பூண்டுக் கரைசல் வடிகட்டி வைத்திருக்கிறேன், அதற்கு முன்னால் இந்தக் கறுப்புப் புழுக்களைப் பொறுக்கவேண்டும். அசுவினி எங்கே வந்தாலும் பின்னாலேயே இதுவும் வந்துவிடுகிறது, விரல் நகத்தில் பாதிதான் இருக்கும், முதலைக்குட்டி மாதிரி முள்ளுமுள்ளாக, முதுகில் ஆரஞ்சுப் பொட்டு வேறு, பார்த்தாலே உடம்பு கூசுகிறது. தட்டப்பயிறில் வந்தபோது மொத்தத்தையும் பொறுக்கினேன், ஆனாலும் அசுவினி ஏனோ கூடிக்கொண்டேதான் போனது, கடைசியில் செடியையே பிடுங்கிப்போட வேண்டியதாயிற்று. இங்கேயும் இந்த வாரம் முழுக்கப் பொறுக்குகிறேன். சுகந்தி விட்டுப்போன புருவ இடுக்கியை எடுத்துக்கொள்கிறேன், சோப்புத் தண்ணீர் மக்கைக் கொடிக்குக் கீழே பிடித்துக்கொள்கிறேன். ஒன்று. ஒரு பூவும் கருகாமல் இந்த அவரை காய்த்தால் பொரியல் வைத்துப் பார்க்கலாம், தேங்காய் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, ஓசூரில் அவரைக்காய் எப்படியிருக்குமோ, மெழுகு தடவினது மாதிரி பளபளவென்று இருக்குமோ. இன்னொன்று. பின்னாலிருந்து, ‘டிக்கெட்டு.’ இருங்க, வர்றேன். ‘டிக்கெட்டு! டிக்கெட்டு!’ தினமும் இந்த நேரத்தில்தான் இவருக்குத் தாகம் எடுக்கிறது, நான் இடுக்கியைக் கையில் எடுத்தால் போதும். மக்கைச் செங்கல் மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோகிறேன். தட்டிவிட்டார். பாட்டில் உருண்டு தண்ணீரெல்லாம் தளத்தில் ஓடி வெண்டைப் பைகளுக்கு அடியில் போகிறது. ‘ஏனுங்க, என்னாச்சுங்க? ஒண்ணுக்கு வருதா? வெயில் அடிக்குதா? கீழ போலாமா?’ ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டுகிறார், இல்லை, இல்லை, கண் நிறைந்துவிட்டது, முகமெல்லாம் சிவந்துபோய், ரத்தக் கொதிப்பு ஏறுகிறது, இப்போதே ஏறி இன்னொரு தரம் வந்துவிட்டால், இந்த மாடியில், நான் ஒருத்தி, எப்படி இறக்குவேன். தடியை விட்டுவிட்டு எழுந்துவிட்டார். தடி இல்லாமல். பந்தல் குச்சியைப் பிடிக்கிறார், மூங்கில் குச்சி, அது என்ன தாங்கும், பந்தல் முழுக்க ஆடுகிறது, பூ உதிர்கிறது, சுகந்தி சொன்னாளே, சொன்னாளே. பாய்ந்து இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை, இடது கையை நீட்டிச் செங்கல் மேலிருந்த மக்கைத் தள்ளினார், சோப்புத் தண்ணீர் கொட்டியது, அதோடு நான் பொறுக்கின புழுக்களும். ‘டிக்கெட்டு’ என்று அந்தப் புழுக்களைக் காட்டினார்.

எப்படியோ நாற்காலியில் உட்காரவைத்துவிட்டேன். நானும் அப்படியே அவர் காலடியில், ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏதாவது சொல்லவேண்டும், சரிங்க, புரியுதுங்க, அப்படியே பண்ணிரலாங்க, எல்லாம் வாயில் தயாராக இருக்கிறது, ஒரு வருஷமாக எடுத்து எடுத்துக் கொடுத்த வார்த்தைகள். அதில் ஒன்றையும் எடுக்கவில்லை. ‘எனக்குத் தெரியலைங்க,’ என்றேன். ‘நீங்க என்ன சொல்றீங்கன்னு எனக்குத் தெரியல. டிக்கெட்டுன்னா தண்ணியா என்னன்னு தெரியல. நேத்து சுகந்திகிட்ட சொன்னீங்களே, அதும் தெரியல. தெரிஞ்ச மாதிரியே சொல்லிட்டு இருந்துட்டனுங்க.’ சொன்ன பிறகு பயமாக இருந்தது, இனி என்ன, இருந்த ஒரு வழியும் போனது. அவர் மூச்சு வாங்குவது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. குனிந்து என்னைப் பார்த்தார். இடது கையை என் தாடையில் வைத்து, குழந்தை முகத்தைத் திருப்புகிற மாதிரி, பந்தல் பக்கம் மெதுவாகத் திருப்பினார். ஓர் இலை. அவர் நாற்காலிக்கு நேராக, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருக்கிற இலை, தினமும் பந்தலைச் சுற்றிச் சுற்றி வருகிற எனக்கு இடுப்புக்குக் கீழே போய்விடுகிற இலை. அதன் அடிப்பக்கம் இங்கிருந்து முழுசாகத் தெரிகிறது. அந்தக் கறுப்புப் புழு ஒன்று அங்கே இருக்கிறது. கூசுகிறது, ஆனாலும் பார்த்தேன், அவர் கையை என் தாடையிலிருந்து எடுக்கவில்லை. புழு நகர்ந்தது, ஓர் அசுவினியைப் பிடித்தது, அசுவினி காலை உதைத்தது, பிறகு உதைக்கவில்லை. தின்றுவிட்டது. அடுத்ததைப் பிடித்தது. இலையை அது தொடவேயில்லை. பிறகு தாடையை விட்டார், அவருடைய விரல் கொஞ்சம் தள்ளிக் காட்டியது, அங்கே அதே கறுப்பும் ஆரஞ்சுமாக ஆனால் அசையாமல், கூனிப்போய், இலையோடு ஒட்டிக்கொண்டு ஒன்று. விரல் இன்னும் கொஞ்சம் தள்ளியது. அதே மாதிரி ஒரு கூடு, முதுகு பிளந்து வெறுமனே, அதன் பக்கத்தில் இப்போதுதான் வெளியே வந்த ஒரு வண்டு, மெத்தென்று வெளிர் மஞ்சளில், ஈரம் காயாமல், முதுகில் புள்ளிகூட இன்னும் சரியாக எழவில்லை. பொறிவண்டு. நான் கையில் ஏற்றி ஊதி விடுவேனே, செடிக்கு நல்லது என்று ஒன்றைக்கூட நசுக்க மாட்டேனே, அந்தப் பொறிவண்டு. இதுதான் அதன் குஞ்சா. இந்த முதலைக்குட்டியா. ‘இதயா நான் பொறுக்கிப் போட்டேன்?’ என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். கண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது, ஆனால் அது முன்னே இருந்த அழுகை இல்லை, வாய் சிரிக்கிறது, கோணிக்கொண்டு ஒரு பக்கமாக, அந்த ஒரு பக்கத்தில் முழுச் சிரிப்பும்.

ஒரு வாரம். தட்டப்பயிறையும் சேர்த்தால் இன்னும் எத்தனையோ. அவர் இங்கே உட்கார்ந்து, வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். பாவம், அதையும் குடித்திருக்கிறார். தாகமே இல்லாமல் என் மனசுக்காகக் குடித்திருக்கிறார். பூச்சியைக் கொல்லத்தானே மருந்து விற்றார் என்று நினைத்தேன், பூச்சியோடேதானே இருந்தார், எது எதைத் தின்னும், எது எதற்குப் பிறகு வரும் என்று இலைக்கு அடியில் கண்ணை வைத்துக்கொண்டே இருந்தவர். ஸ்பிரே பாட்டிலை எடுத்துத் தூரமாக வைத்தேன். கொட்டின தண்ணீரில் கிடந்த புழுக்களில் இரண்டு நெளிந்தன, தென்னங்குச்சியால் எடுத்து நுரையைத் துடைத்து, அசுவினி மொய்த்த காம்பில் விட்டேன், ஒன்று உடனே பிடித்துக்கொண்டது, ஒன்று விழுந்துவிட்டது. அவர் ‘ம்’ என்றார், போகட்டும் என்கிற மாதிரி, இல்லை, மாதிரி என்று சொல்லக்கூடாது, ‘ம்’ என்றார், அவ்வளவுதான். அவர் எதிரில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தேன். கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. ‘ஏனுங்க. நேத்து சுகந்தி சொன்னாளே. ஓசூருக்கு, அந்தக் கீழ்வீட்டுக்கு. நாம போறதுங்களா? நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க.’ அவர் வாய் திறந்தது, மூடியது. நெற்றி சுருங்கிக் கழுத்து நரம்பு புடைத்தது. ‘இ’ என்றார். இட்லியா, இடுப்பு வலிக்கிறதா, இறங்கலாமா, எத்தனை வார்த்தை ஓடிவருகிறது எனக்கு, பல்லைக் கடித்துக்கொண்டேன், என் கையை என் கையாலேயே பிடித்துக்கொண்டேன். எறும்பு ஒன்று என் பாதத்தில் ஏறி இறங்கியது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, எங்கேயோ போய்த் தேடி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் கீழே போட்டுவிட்டு, ‘இரு’ என்றார். தெளிவாக. பழைய குரலில். ‘இரு.’ இரு என்றால் பொறு என்று சொல்கிறாரா, இங்கேயே இருக்கலாம் என்று சொல்கிறாரா, என்னோடு இரு என்று சொல்கிறாரா, மூன்றும் ஒரே வார்த்தையாக இருப்பதற்கு நான் என்ன செய்ய. எதையாவது ஒன்றைப் பொறுக்கியெடுக்கத்தான் மனசு ஓடுகிறது. ஓடட்டும். ‘இருக்கறனுங்க’ என்றேன், எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

போனை எடுத்துச் சுகந்தியைக் கூப்பிட்டேன், ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ‘என்னம்மா, அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?’ ‘ஒண்ணுமில்ல கண்ணு. நேத்து அப்பா சரின்னாருன்னு சொன்னனில்ல. அது அப்பா சொன்னதில்ல, நான் சொன்னது. எனக்குப் படியக் கண்டா பயம், அதனால சொல்லிட்டேன். அந்த வீட்டுக்காரங்ககிட்ட இப்ப ஒண்ணும் சொல்லீராத.’ ‘அப்ப அப்பா என்னதாம்மா சொல்றாரு?’ ‘இருன்னாரு.’ ‘இருன்னா?’ ‘அவ்வளவுதான் சொன்னாரு. வேற ஒண்ணுஞ் சேத்த மாட்டேன். நீ வந்து உக்காந்து கேளு. நேரமாகும், உங்கப்பாவுக்கு. ஆனா சொல்றாரு கண்ணு. நாந்தான் விடறதில்ல.’ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ‘ஞாயித்துக்கெழம வர்றேம்மா. லீவு போட்டுட்டு நாலு நாள் இருக்கறேன். படிக்கு ரெண்டு பக்கமும் கம்பி போட முடியுமான்னும் பாக்கலாம், நீ இப்பவே எதையும் நெனச்சுக்காத.’ பிறகு, ‘அப்பாகிட்ட குடு’ என்றாள். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் நான்தான் நிற்பேன். இன்று ஸ்பீக்கரை அணைத்து, போனை அவர் இடது காதில் வைத்து, அவர் கையை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டு, நான் மாடியின் அந்தக் கோடிக்கு, தக்காளிப் பைகளிடம் வந்துவிட்டேன். காய் கனத்து ஒரு கிளை சாய்ந்திருக்கிறது, கந்தல் துணியைக் கிழித்துக் குச்சியோடு சேர்த்துக் கட்டுகிறேன். அவர் பேச ஆரம்பித்துவிட்டார். ‘கலெக்டர்’ என்கிறார், ‘பஸ்ஸு’ என்கிறார், நடுவில் ஒரு நீளமான சத்தம், பிறகு நிற்கிறார், அந்தப் பக்கம் அவளும் பேசாமல் காத்திருக்கிறாள் போலிருக்கிறது, மறுபடி இவர் பேசுகிறார், வலது கையை மடியிலிருந்து தூக்க முடியாதவர் தலையை ஆட்டி ஆட்டி, காட்டுக்காரர்களுக்கு நடுவில் நின்று பேசுகிற மாதிரி ஏற்றி இறக்கிப் பேசுகிறார். என்னவென்று காது கொடுக்கத்தான் தோன்றுகிறது. கட்டின முடிச்சை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் இறக்கி, மறுபடி கட்டினேன். பேச்சு முடியவில்லை. அதையும் அவிழ்த்தேன்.